ரத்னம்மா உன்னிடம் கேட்காமல் விட்டது

கண்ணு,

நீயும் சுமதியும் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டதாக அப்பா சொன்னார். நல்லது. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ போனில் "ம்", "சரிம்மா", "வெக்கட்டுமா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. எனக்கும் எதிரில் முகம் இல்லாமல் இதைச் சொல்ல வாய் வராது. இன்றைக்கு வாரலீவு. துணி துவைத்துக் காயப் போட்டாயிற்று, அப்பா வெளியே போயிருக்கிறார். உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதுக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

கல்யாணத்தன்று பந்தியில் நீங்கள் இரண்டு பேரும் மாலையோடு ஒவ்வொரு இலையாக வந்து கும்பிட்டுக்கொண்டு போனீர்கள். கடைசி வரிசையில் ரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். நீ அவளைப் பார்த்த கணத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கும்பிட்ட உன் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கப் பார்த்தாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றாய். "சாப்பிடறேன் தம்பி" என்றாள். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ள, நீ அடுத்த இலைக்குப் போய்விட்டாய். யார் அவர்கள் என்று சுமதி கேட்டபோது, "அம்மா கம்பெனில வேலை செய்யறவங்க" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அது பொய் இல்லை. ஆனால் முன்னே அவளை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாய். அன்றைக்கு அந்தச் சொல் உன் வாயில் வரவே இல்லை.

அவளை நான் கூட்டிக்கொண்டு வந்ததில் உனக்கு வருத்தம் இருக்கும். பத்திரிகை வைக்க நான் போனது நிஜம். வைக்காமல் இருக்க என்னால் முடியாது, தினமும் அவளோடு ஒரே பலகையின் முன்னால் நிற்கிறேன். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, எது உன் பேர் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, "அக்கா, நான் வரலாமா? என்னை மாதிரி இருக்கறவங்க வந்தா பொண்ணு வீட்டுக்காரங்க எதாவது நெனப்பாங்களா?" என்று கேட்டாள். நினைத்தால் நினைக்கட்டும் என்றேன். அவள் ஏன் வந்தாள் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலதையும் எழுத வேண்டும். நமக்குள் இதுவரை யாரும் வாய்விட்டுப் பேசாததை ஒருதடவையாவது வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ ஐடிஐ முடித்து அந்த டீலர் கம்பெனியில் சேர்ந்த காலத்தில்தான் பெரிய வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டி வர ஆரம்பித்தது. ஈசிஎம் என்று நீ சொல்வாய். டீசல் எவ்வளவு போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது என்று முதல்தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பொம்மசந்திராவில் ஒயர் ஹார்னஸ் கட்டுகிறவள். பலகையில் வரைந்த கோட்டின்மேல் கலர் கலராகக் கம்பிகளைப் படுக்க வைத்து, முனையில் பின் அடித்து, கனெக்டரில் செருகி, டேப் சுற்றி, ஒரு வண்டியின் நரம்பு மொத்தத்தையும் ஒரு கட்டாகக் கட்டி அனுப்புகிறவள். அது வண்டிக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. உனக்கு அது மட்டும்தான் தெரியும். ஈஜிபுரா வீட்டில் நம் சின்ன அடுப்படியில் நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்க, நீ வாசற்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாய். அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. "அம்மாவும் புள்ளையும் கம்பியைத் தவிர வேற பேச மாட்டீங்களா" என்பார்.

நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பெட்டி கெட்டுப்போறது அபூர்வம்மா. கெடறது எல்லாம் அதுக்குப் போற கம்பிதான்" என்பாய். "பெட்டிய மாத்தினேன், சரியாப் போச்சுன்னு சொல்றவன நம்பவே கூடாது. மாத்தறப்போ கனெக்டரைக் கழட்டி மாட்டறான் இல்ல, அப்போ பின்னு சரியா உக்காந்துடும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் அதே எரர் திரும்ப வரும்." ஒரு சென்சாருக்குப் போகும் கரன்ட் விழுந்துவிட்டால், அதே கம்பியில் தொங்கும் எல்லா சென்சாரும் கெட்டுப்போனது மாதிரி பெட்டி கூப்பாடு போடும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், எதைக் கழற்றும்போது கூப்பாடு அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு என்று நீ சொன்ன அன்று நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். மீட்டரை நம்பு, ஆனால் கையால் இழுத்துப் பார்க்காமல் எந்தப் பின்னையும் நம்பாதே என்பாய். உனக்கு அப்போது இருபத்திரண்டோ மூன்றோ. உன் வேலை மேல் உனக்கு இருந்த ஆசையைப் பார்த்து நான் மனசுக்குள் சுற்றிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

முனிராஜுவை நீதான் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். ஆனேக்கல் பக்கத்துக் கல் குவாரியில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். நல்ல மழையில் உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்கினான். தலை துவட்டத் துண்டு கொடுத்தால் அதால் முதலில் உன் டூல் பெட்டியைத் துடைத்தான். புளிக்குழம்பும் அப்பளமும்தான் இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, இது நம்ம மனேல, அதான் வீட்டுல, பண்ண வராது, ரத்னாவைக் கூட்டிட்டு வரேன், சொல்லிக் கொடுங்க" என்றான். அடுத்த வாரமே பெண்டாட்டி ரத்னம்மாவைக் கூட்டிவந்தான். அப்புறம் அவர்கள் வராத பண்டிகை கிடையாது. எப்போது போன் செய்தாலும் முதலில் "ஊட்டா ஆயித்தா அக்கா?" என்று நான் சாப்பிட்டேனா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது பேசுவான். உன்னை "இன்ஜினியரு" என்று கூப்பிடுவான். கேலிக்கு இல்லை, நிஜமாகவே அவனுக்கு நீ அப்படித்தான். பெரிய இன்ஜினியர்கள் வந்தால் டிரைவரிடம் எதுவும் கேட்கமாட்டார்கள், தம்பி மட்டும்தான் என்னிடம் கேட்பான் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த டம்பர் நடுவழியில் சட்டென்று நின்று போகிறது என்ற புகார் பல நாளாக இருந்தது. உனக்கு முன்னால் போனவர்கள் இன்ஜின் வேகத்தைப் பெட்டிக்குச் சொல்கிற சென்சாரை மாற்றினார்கள். அப்புறம் பெட்டியையே மாற்றினார்கள். கொஞ்ச நாள் ஓடிற்று, மறுபடி நின்றது. பிறகுதான் உன்னை அனுப்பினார்கள். நீ பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய், பெட்டியில் எரர் பதிவாகியிருக்கிறது, ஆனால் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாக் கம்பியும் சரியாக இருக்கிறது என்று. கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்ளே தள்ளிப் போயிருக்கிறதா, எல்லாம் பார்த்தாயிற்று. இன்ஜினை ஓடவிட்டு ஹார்னஸைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். இன்ஜின் நிற்கவில்லை. முனிராஜு மட்டும், "சும்மா ஓடறப்போ ஒண்ணும் இல்ல தம்பி, லோடு ஏத்திட்டு மேடு ஏறறப்போ ஒரு விக்கல் விக்குது" என்று சொன்னானாம். "அவர் சொல்றதுதான் சரிம்மா, லோடுல இன்ஜின் முறுக்கிக்கும், அப்போ எங்கியோ உரசுது. பின்னாடி மூடியிருக்கற கார்டு தகடெல்லாம் கழட்டி, ஹார்னஸை முழுசா பிரிச்சுதான் பாக்கணும், ஒரு நாள் வண்டி நிக்கணும்" என்றாய். நான் "கேட்டு வாங்கிக்கோ" என்றேன். மறுநாள் கிளம்பிப் போனாய்.

அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. வண்டி நிற்க வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். ஜல்லி உடைக்கிற கிரஷர் கல் இல்லாமல் சும்மா நிற்கிறது என்று அந்தக் குவாரி சூப்பர்வைசர் கத்தியிருக்கிறான். "ஓடற வண்டிய எதுக்கய்யா பிரிக்கறே? நின்னா அப்ப பாத்துக்கலாம்." சரி, நான் கேபினில் கூட உட்கார்ந்து மீட்டரோடு ஒரு நடை மேலே ஏறிப் பார்க்கிறேன் என்றாய். அதற்கும் விடவில்லை. நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். முனிராஜு வந்து உன் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "பிடு தம்பி, விட்டுடு, இவன்கூட எதுக்கு. நான் மெதுவா ஓட்டறேன். சாயங்காலம் வண்டிய நிறுத்தினதும் நீயே பிரிச்சுக்கோ" என்றிருக்கிறான். நீ ஷெட்டில் உட்கார்ந்து கார்டுகளைக் கழற்றத் தேவையான ஸ்பானர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வண்டி மேட்டின் பாதியில் நின்ற சத்தம் கேட்டிருக்கிறது. சத்தம் கேட்டது என்று நீ சொல்லவில்லை. "சத்தம் நின்னுச்சும்மா" என்றாய்.

இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் இறுகிவிட்டது, பிரேக் பிடித்தும் சரளையில் சக்கரம் வழுக்கியது, முழு லோடும் பின்னால் இழுத்தது, ஓரத்து மண்மேட்டை இடித்துக்கொண்டு வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நீ. கண்ணாடி உடைந்த வழியாக உள்ளே இறங்கி, ஜீப் வரும்வரை அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இவ்வளவுதான் நீ எங்களிடம் சொன்னது. "புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்றதோடு நிறுத்திவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் சட்டையை நான்தான் ஊறவைத்தேன். எவ்வளவு அலசியும் போகவில்லை. அப்பா அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வண்டியைத் தூக்கி மேலே கொண்டுவந்த பிறகு யாரும் கூப்பிடாமலே நீ போனாய். ஆபீசர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நீ பாட்டுக்கு இன்ஜினுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஹார்னஸைப் பிரித்தாய். ஹார்னஸை இன்ஜினோடு பிடித்து வைக்கிற ஒரு கிளிப்புக்கு உள்பக்கம், வெளியிலிருந்து எந்தக் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒரு கம்பியின் மேலுறை தேய்ந்து கடுகளவு செம்பு பளபளத்தது. அந்தக் கடுகு இரும்பில் பட்டால் சென்சாருக்குப் போகும் கரன்ட் விழுந்துவிடும். இன்ஜின் ஓடுவதே பெட்டிக்குத் தெரியாது. டீசலை நிறுத்திவிடும். லோடோடு மேடு ஏறும்போது மட்டும்தான் இன்ஜின் அவ்வளவு முறுக்கிக்கொண்டு அது போய் இரும்பில் படும். நின்ற வண்டியில் நீ எத்தனை நாள் பார்த்திருந்தாலும் அது பட்டிருக்காது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, கம்பிமேல் போடுகிற டியூப் அந்தக் கிளிப் வரை வந்திருந்ததா என்று நான் கேட்டேன். ஒரு விரல் அகலம் முன்னாலேயே முடிந்திருந்தது என்றாய். இன்னொன்றும் கேட்டேன், அது எங்கள் கம்பெனி ஹார்னஸா என்று. இல்லை, வண்டியோடு கப்பலில் வந்தது என்றாய். நான் பெருமூச்சு விட்டேன். நிம்மதி என்று நீ நினைத்திருப்பாய். நிம்மதி இல்லை கண்ணு. எங்கள் கை கட்டியதாக இருந்திருந்தால், உன் தலையில் இருக்கிற பாரத்தில் பாதியை என் தலையில் வாங்கியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

விசாரணையில் உன் பேர் எங்கேயும் வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னவன் நீ ஒருத்தன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நீ வேலையை விட்டாய். மீட்டரை அப்பாவிடம் கொடுத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் ஸ்பேர் கடையில் கவுன்டரில் நிற்கப் போனாய். அன்றிலிருந்து நீ பெங்களூருக்கு வரவில்லை. அப்பாதான் உன்னைப் பார்க்க வருவார். தீபாவளிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். கல்யாணம் தர்மபுரியில்தான், பெண் வீட்டு ஊரில்தான் என்று நீ ஒற்றைக்காலில் நின்றதும் இங்கே வர வேண்டியிருக்கும் என்றுதான், அது எனக்குத் தெரியும். வா என்று நான் உன்னை வற்புறுத்தியதில்லை. சாவியைக் கொடுத்திருக்கக் கூடாது என்று நீ நினைக்கிறாய். சரி, கொடுக்காமல் இருந்திருக்கலாம். அதை இல்லை என்று சொல்லி உன் வாயை நான் அடைக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சாவியைப் பூட்டி வைக்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தரும் ஊரை விட்டுப் போகவில்லை. நீ மட்டும் போனாய்.

ரத்னம்மா எங்கள் லைனுக்கு வந்த கதையை அப்பா உன்னிடம் ஒருதடவை ஆரம்பித்தபோது நீ எழுந்து வெளியே போய்விட்டாயாம். இங்கே எழுந்து போக முடியாது, படி. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவள் சந்தாபுராவில் அண்ணன் வீட்டில் இருந்தாள், மகளோடு. நான் எங்கள் லைனைப் பார்த்துக்கொள்கிற மேடத்திடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டேன். முதல் வாரம் அவள் கம்பியைத் தொடும்போதெல்லாம் கையை உதறுவாள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் போன பிறகு, பலகையில் கட்டி முடித்த ஹார்னஸ் முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, அது எந்த எடம்?" என்று கேட்டாள். அது வேறு வண்டியின் ஹார்னஸ் என்றேன். "இருக்கட்டும். இது மாதிரி இருந்தா எந்த எடத்துல இருக்கும்?" என்றாள். நான் கிளிப் வருகிற இடத்தைக் காட்டினேன். அவள் தன் விரலை அங்கே வைத்தாள். பெல் அடிக்கும்வரை எடுக்கவில்லை. நானும் சாப்பிடப் போகவில்லை.

இப்போது எங்கள் லைனில் அவள் கைதான் சுத்தம். ஆனால் கிளிப் வருகிற இடத்தில் மட்டும் டேப்பை இரண்டு மடங்கு சுற்றுவாள். டியூபை இழுத்து கிளிப்பைத் தாண்டி விடுவாள். மேடம் பலதடவை சொல்லிப் பார்த்தாள், "ரத்னம்மா, டிராயிங்ல இருக்கற மாதிரி பண்ணு, டேப் வேஸ்ட் ஆகுது" என்று. ரத்னம்மா தலையாட்டிவிட்டு மறுபடி அதையேதான் செய்வாள். மேடத்துக்கு விஷயம் தெரிந்த பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். அந்த வண்டிகள் எல்லாம் எங்கெங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

இனி பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து மத்தியானம் தர்மபுரியில் பஸ் ஏறினோம். அப்பா முன் சீட்டில் தூங்கிவிட்டார். ரத்னம்மா ஜன்னலோரம். கிருஷ்ணகிரி தாண்டிற்று. அப்புறம், "தம்பி ரொம்ப இளைச்சுட்டான் அக்கா" என்றாள். ஆமாம் என்றேன். "நான் வந்தது தப்பா? என்னைப் பாத்ததும் அவன் மொகம் போச்சு." தப்பு இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். கேக்கல" என்றாள். நான் என்ன நினைத்தேன் என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். ஏன் சாவியைக் கொடுத்தாய் என்று கேட்க வந்தாள் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டேன், என்ன கேட்க வேண்டும் என்று.

"அவரு கடைசியா எதாவது சொன்னாரான்னு" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜீப் ஓட்டிட்டு வந்தவன், பேசிட்டேதான் வந்தாரும்மான்னு சொன்னான். ஆஸ்பத்திரில, வர்றப்பவே நெனவு இல்லன்னு சொன்னாங்க. யாரு சொல்றது நெஜம்னு எனக்கு எப்பிடி தெரியும்? மொதல்ல போனது தம்பிதான். கூட இருந்தது தம்பிதான். அவனுக்குத்தான் தெரியும். அவன் ஊரை விட்டே போயிட்டான். நான் யாரைக் கேக்கறது அக்கா?"

மண்டபத்தில் கேட்டிருக்கலாமே, நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு விட்டிருப்பேனே என்றேன். "தாலி கட்டின கை மஞ்சளோட இருக்கு. அந்தக் கையப் பாத்துட்டு இதையா கேக்கறது? சாப்பிட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள். "வலிக்குதுன்னு கத்தினாரா, எம் பேரச் சொன்னாரா, பாப்பா பேரச் சொன்னாரா, தண்ணி கேட்டாரா, ஒண்ணுமே இல்லியா. எதுவா இருந்தாலும் சரி. தெரியாததாலதான் தெனமும் நானா ஒண்ணு நெனச்சுக்கறேன். ஒரு நாள் கத்தறாரு. ஒரு நாள் சிரிக்கறாரு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுட்டே இருக்காரு, நான் போகல. இத்தனை வருஷமா இத்தனை தடவை செத்துட்டாரு அக்கா. ஒருதடவை எப்பிடி செத்தாருன்னு தெரிஞ்சா போதும்."

பஸ்ஸில் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் அழவில்லை. நான்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஓசூர் வந்து கொஞ்சம் பேர் இறங்கிய பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் கேட்டுவிட்டேன், என் பையன் மேல் உனக்குக் கோபம் இருக்கிறதா என்று. "இருந்துச்சு அக்கா. மொத வருஷம் ரொம்ப இருந்துச்சு. உங்ககூட நின்னு வேலை செய்யறப்போகூட இருந்துச்சு. இப்ப எங்க போச்சுன்னு தெரியல. திரும்ப வந்தாலும் வரும், சொல்ல முடியாது" என்றாள். சந்தாபுரா கிராஸ் வந்ததும் அவள் இறங்கிப் போய்விட்டாள். பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம், புதுசாகக் கல்யாணமானவன், நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. முந்தாநாள் சுமதி எனக்குப் போன் செய்தாள். நீ கடைக்குப் போயிருந்தாய். "அத்தை, தெருவுல லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் கேட்டா இவரு சாப்பாட்டைப் போட்டுட்டு எழுந்து நிக்கறாரு. அப்புறம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு உக்காந்துக்கறாரு. ஏன்னு கேட்டா சிரிக்கறாரு. நான் எதாவது தப்பா கேட்டுட்டேனா?" என்றாள். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதும்தான் எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ நிம்மதியாக இல்லை. நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தால் உனக்கு ஆறிவிடும் என்று இருந்தோம், ஆறவில்லை. அவளிடம் சொல்லிவிடு கண்ணு. தூக்கத்தில் நீ எதையாவது உளறி, அவள் அதை அரையும் குறையுமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதே. உட்கார வைத்து, முனிராஜு என்று ஒருத்தர் இருந்தார் என்று ஆரம்பி. அவள் பயந்துபோகிற பெண் இல்லை. பந்தியில் ரத்னம்மாவின் இலையில் பாயசம் இல்லை என்று பார்த்து, ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னது அவள்தான். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவனுக்கும் அதைத்தான் யாராவது கேக்கணும்" என்றார். நீ அந்தக் கேபினுக்குள் என்ன கேட்டாய், என்ன பார்த்தாய் என்று நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் கேட்டதே இல்லை. உன்னை நோகடிக்கக் கூடாது என்றுதான் இருந்தோம். நீ அதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருக்கிறாய். அது உனக்கு மட்டும் சொந்தமானது இல்லை கண்ணு. பாதி அவளுடையது. அவளுக்குச் சேர வேண்டியது உன்னிடம் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. குவாரிப் பக்கமெல்லாம் போக வேண்டாம், நேராக ஈஜிபுராவுக்கு வா. சுமதியையும் கூட்டி வா. ரத்னம்மாவை நான் வரச் சொல்கிறேன். உள்ளே நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள். நானும் அப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். அவளுக்கு எது நல்லதாக இருக்கும் என்று யோசித்து எதையும் கட்டிச் சொல்லாதே. கத்தினான் என்றால் கத்தினான் என்று சொல். உன்னைத் திட்டினான் என்றால் அதையும் சொல். ஒன்றுமே சொல்லவில்லை, உன் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தான் என்றால், எந்தக் கை என்று சொல். அவள் கேட்டுக்கொள்வாள்.

அம்மா